தூக்காத கைகளைக் கண்டவர்

விசில்காரருக்கு வரவேண்டிய பாக்கி மூவாயிரத்து அறுநூறு. போன கோடை விடுமுறையில், ஏரிக்கரையில் நடந்த கிறிஸ்தவப் பிள்ளைகள் முகாமில், வாரம் நானூறு வீதம் ஒன்பது வாரம் தண்ணீர்க் காவல் பார்த்த கூலி. கொடுக்கவேண்டியவர் முகாமின் டைரக்டர் அண்ணன். அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. ஞாபகம் இல்லாமலும் இல்லை. சரி, ஏமாற்றுக்காரர் என்று நாக்கின்மேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. முகாமில் எல்லாரையும்விட அதிகமாக அழுகிறவர் அவர்தான். பிறகு அவர் யார்? அவர் ஒரு தனி இனம். உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இனம். அதைத்தான் இன்று கூண்டைவிட்டு வெளியே எடுத்துக் காட்டப்போகிறோம். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

இனத்தின் பெயர் கைகண்டவர். அதாவது, மற்றவர்கள் தூக்காத கையைக் காணும் வரம் பெற்றவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், "மாசச் சந்தாவை இரட்டிப்பாக்கணும்னு எல்லாரும் ஆசைப்படுறீங்க" என்று ஆரம்பிப்பாரே, அப்போது உங்கள் வாயில் பிஸ்கட் இருக்குமே, அவர். மேலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்கள் பெயருக்கு நேரே ஐந்நூறு என்று எழுதிவிட்டு, "நீங்க மாட்டேன்னு சொல்லமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று தோளைத் தட்டுவாரே, அவர். கேள்வியை அவரே கேட்பார். பதிலையும் அவரே பார்த்துக்கொள்வார். உங்களுக்கு மிச்சம் வைப்பது கைதட்டல் மட்டும்.

ஆனால் சங்கத்திலும் அலுவலகத்திலும் வளர்வதெல்லாம் சவலைப் பிள்ளைகள். அங்கே ஆட்கள் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கைகண்டவர் தளதளவென்று வளரவேண்டுமென்றால் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிற இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடம் முகாமைவிட வேறெது?

டைரக்டர் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது. முகாமில் அவரைத் தெரியாத எறும்புகூடக் கிடையாது. இருந்தாலும் கழுத்தில் 'டைரக்டர்' என்ற அட்டை தொங்கும். மின்சாரம் போனாலும் மைக்கைக் கீழே வைக்கமாட்டார். செத்துப்போன மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கத்துவார். அறுபது தாண்டிய சமையல்காரம்மாவும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடவேண்டும். முகாமில் எல்லாரும் ஒரே குடும்பமாம். ஒரே குடும்பம் என்று யாராவது சொன்னால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. குடும்பத்துக்குள் யார் கூலி கேட்பார்கள்?

வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் நாளே அண்ணனின் பாஷையைப் படித்துக்கொள்ளவேண்டும். 'பார்க்கலாம்' என்றால் இல்லை. 'ஜெபத்துல வைப்போம்' என்றால் இல்லவே இல்லை. 'விசுவாசத்துல நடப்போம்' என்றால் அதற்குக் காசு ஒதுக்கவில்லை. 'உங்ககிட்ட நல்ல தாலந்து இருக்கு', அதாவது திறமை இருக்கு, என்றால் கழிவறை அடைத்துக்கொண்டிருக்கிறது, வாளியை எடு. "என் தாலந்து இன்னிக்கு மட்டும் ரெண்டு தடவை அடைச்சுக்கிச்சு" என்று சமையல்காரம்மா அடுப்படியில் கணக்குச் சொல்வார். வேலை என்ற சொல்லே அங்கே கிடையாது, எல்லாம் ஊழியம். வேலைக்குக் கூலி கேட்கலாம். ஊழியத்துக்குக் கூலி கேட்பது ஆண்டவரிடமே பில்லை நீட்டுவது மாதிரி.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொந்தக் கையை ஊன்றி மேலே வந்த எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. வேலை செய்தவனின் வியர்வை காய்வதற்குள் பணத்தை எண்ணி வைத்துவிடுவோம். அதைச் சுற்றி ஒரு பிரசங்கம் தேவைப்படுவதெல்லாம் நிறையப் படித்தவர்களுக்குத்தான்.

கை காணும் வித்தையை அண்ணன் முதலில் பழகியது பிள்ளைகளிடம். ஒவ்வொரு முகாமின் கடைசி மாலையிலும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்வார்கள். மனம் திரும்பினவர்கள் கையைத் தூக்கச் சொல்லுவார். "அதோ ஒரு கை, நன்றி கண்ணு, இதோ ஒரு கை, அந்த மூலையில ரெண்டு கை" என்று அடுக்கிக்கொண்டே போவார். மேடையோரம் அவருடைய மச்சான், முகாமின் பொருளாளர், கீபோர்டை ஒரு கையால் மெல்ல அமுக்கிக்கொண்டே இன்னொரு கையால் தாளில் கோடு கிழித்துக்கொண்டிருப்பார். போன வருடம் முதல் முகாமுக்கு வந்த பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு. அறிக்கையில் மனம் திரும்பியவர்கள் நூற்று முப்பத்தொன்று.

"மிச்சம் பத்தொம்போது பேர் யாருங்க?" என்று கேட்டார் சமையல்காரம்மா, உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே.

"ஏரியில வாத்து இருக்குல்ல" என்றார் விசில்காரர்.

விசில்காரரைப் பற்றி இரண்டு வார்த்தை. வயது ஐம்பத்தெட்டு. புத்தகம் படித்து நீந்தியவர் இல்லை. பன்னிரண்டு வயதில் படகுத்துறையில் கூலிக்குப் போய், தண்ணீரில் தள்ளிவிட்ட முதலாளியை வைதுகொண்டே நீந்தப் பழகியவர். பிறகு பரீட்சை எழுதாமலே, பரீட்சை வைத்தவரைவிட வேகமாக நீந்திக் காட்டிச் சான்றிதழ் வாங்கியவர். அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். ஏரிக்கரையில் அவருக்கு ஏணி வைத்த உயரமான நாற்காலி ஒன்று, கழுத்தில் விசில். பிள்ளைகள் விசில் மாமா என்பார்கள். அவர் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தண்ணீரோரம் ஒரு பிள்ளை நிற்கும்வரை காவல்காரன் கண்ணை மூடக்கூடாது. தும்மும்போதுகூட மாமா ஒரு கண்ணைத்தான் மூடுவார் என்று பிள்ளைகள் ஒரு கதை கட்டியிருந்தார்கள்.

சேர்ந்த புதிதில் இதற்கே ஒரு புகார் கிளம்பியது. குழுத் தலைவராக வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி நேரே நாற்காலிக்கு அடியில் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க ஜெப நேரத்துல கண்ணைத் திறந்துட்டே இருக்கீங்க."

"நான் மூடினேன்னு வையி, நீ கண்ணைத் திறக்கிறப்ப ஒரு பிள்ளை குறையும். பரவாயில்லையா?"

அவள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே திரும்பிப் போனாள். அண்ணன் மட்டும், "உங்களுக்காக ஜெபத்துல வைக்கிறேன்" என்றார். அர்த்தம் உங்களுக்கே தெரியும்.

இனி போன கோடையின் கடைசி மாலைக்கு வருவோம். பிள்ளைகளெல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். வேலைக்காரர்கள், மன்னிக்கவும், ஊழியர்கள் இருபத்துமூன்று பேரும் ஏரிக்கரையில் கூடியிருந்தார்கள். மறுநாள் காலையில் சம்பளம். ஒன்பது வாரம் ஒன்றாகத் தருவது முகாமின் வழக்கம். கல்லூரிப் பிள்ளைகள் கட்டணம் கட்டவேண்டும். சமையல்காரம்மாவுக்கு வீட்டு வாடகை மூன்று மாதம் நின்றிருந்தது. விசில்காரருக்கோ பல்.

அவர் பல் இல்லை, மனைவியின் பல். மேலும் கீழும் முழு செட்டுக்கு அளவெடுத்து, அச்செடுத்து, செய்தும் ஆகிவிட்டது. பல் டாக்டர் அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, மீதி மூவாயிரத்து அறுநூறு வந்ததும் வாயில் மாட்டிவிடுகிறேன் என்றிருந்தார். அந்த அம்மாள் ஐந்து மாதமாக ரொட்டியை டீயில் நனைத்துத்தான் தின்கிறார். பல் இல்லாததால் கடிக்கமாட்டார் என்று யாரும் தப்புக்கணக்குப் போடவேண்டாம். அது வேறு வாய்.

இருபத்திரண்டு பேர் ஏரிப் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்க, விசில்காரர் மட்டும் நாற்காலியில் ஏறியிருந்தார். காரணம், டைரக்டர் அண்ணனின் சொந்தப் பிள்ளைகள் இருவர் கணுக்கால் தண்ணீரில் நின்று கல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதட்டிக் கரையேற்றுவது அவர்கள் அப்பாவின் வேலை. அப்பாவுக்கோ அதைவிடப் பெரிய வேலை இருந்தது.

"அன்பானவர்களே, தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்குவோம்" என்றார் அண்ணன். மச்சான் கீபோர்டில் விரல் வைத்தார். இந்த இனத்துக்குப் பின்னணி இசை ரொம்ப முக்கியம். "ஒன்பது வாரம் நீங்க விதைச்சீங்க. என் உள்ளத்துல ஒரு பாரம். நம்ம முகாமுக்கு நல்ல ஒலிபெருக்கி இல்ல. சத்தியம் அக்கரை வரைக்கும் போய்ச் சேரமாட்டேங்குது." இங்கே குரல் ஈரமாயிற்று. "இந்த வருஷக் கூலியை ஆண்டவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துடணும்னு யாருக்கு ஏவுதல் இருக்கோ, அவங்க மட்டும் மெதுவா கையைத் தூக்குங்க. கட்டாயம் இல்ல. யாரும் யாரையும் பார்க்கவேண்டாம். இது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல."

விசில்காரர் ஒரு கண்ணைப் பிள்ளைகள்மேலும் மறு கண்ணைப் படிக்கட்டின்மேலும் வைத்திருந்தார். மேலேயிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சமையல்காரம்மாவின் கைகள் ஏப்ரனுக்குள். நர்ஸின் கைகள் சட்டைப்பைக்குள். கல்லூரிப் பிள்ளைகள் விரலோடு விரல் கோத்து, முட்டிகளுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தார்கள், எங்கே தானாக எழும்பிவிடுமோ என்று பயந்தவர்கள் மாதிரி. ஒரு கை, ஒரே ஒரு கை, ஒரு சுண்டுவிரல்? இல்லை. காற்றில் ஒன்றுமே இல்லை. ஒரு கொசு இருந்தது.

"அதோ ஒரு கை" என்றார் அண்ணன். "நன்றி தம்பி. வலது பக்கம் அக்கா, உங்க கையைப் பார்த்தேன். ஆண்டவரும் பார்த்தார். பின்னால ரெண்டு, மூணு… ஐயோ, இத்தனை கையா." கண்ணீர் வழிந்தது. "உயரத்துல உட்கார்ந்திருக்கிற அண்ணனோட கையையும் பார்த்தேன்."

உயரத்தில் உட்கார்ந்திருந்தவரின் ஒரு கை நாற்காலியைப் பிடித்திருந்தது. மறு கையில் விசில். அந்த நேரம் பார்த்து அண்ணனின் சின்னப் பையன் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீருக்குள் போனான். விசில்காரர் ஊதினார், குதித்தார், பையனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக் கரையில் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தபோது 'ஆமென்' முடிந்திருந்தது.

இனிமேல்தான் இந்த வித்தையின் அழகு. எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏன்? கண்ணை மூடியிருந்த ஒவ்வொருவரும், மற்ற எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், நாம் ஒருவர்தான் கஞ்சன் என்று நம்பிவிட்டார்கள். தான் மட்டும் தனியாகப் போய்ச் சம்பளம் கேட்க யாருக்கு முகம் வரும்? சமையல்காரம்மா மறுநாள் விடியற்காலையிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். இருபத்திரண்டு பேரையும் வாயடைக்க வைத்தது கள்ளத்தனம் இல்லை, வெட்கம். திருடன் பூட்டை உடைக்கவேண்டும். கைகண்டவருக்குச் சாவியை நாமே கொடுக்கிறோம்.

விசில்காரர் மட்டும் முகாம் அலுவலகத்துக்குப் போய் நின்றார்.

"அண்ணே, என் கூலி."

"என்னண்ணே, நேத்து கை தூக்கினீங்களே."

"நான் தூக்கலீங்க. யாருமே தூக்கல. நான் பார்த்துட்டே இருந்தேன்."

டைரக்டர் அண்ணனின் முகம் சுருங்கியது. கோபத்தினால் அல்ல, துக்கத்தினால். "ஜெப நேரத்துல கண்ணைத் திறந்துட்டா இருந்தீங்க?"

"உங்க பிள்ளைங்க தண்ணியில நின்னாங்க."

"அதுக்காக?" என்றார் அண்ணன், தாழ்ந்த குரலில். அப்புறம் மேஜையைச் சுற்றி வந்து விசில்காரரின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, மாம்சக் கண்ணால பார்த்தா கை தெரியாது. உங்க கை தூக்கலேன்னாலும் உங்க இருதயம் தூக்குச்சு. நான் அதைப் பார்த்தேன்."

இருதயம் தூக்கவில்லை என்று எந்த டாக்டரிடம் சான்றிதழ் வாங்குவது? படகுத்துறை முதலாளியை வைது நீச்சல் கற்றவர், "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசல் தாண்டியபிறகுதான், எதற்கு மன்னிப்புக் கேட்டோம் என்று யோசித்தார். கைகண்டவரிடம் பாக்கி கேட்கப் போனவர்கள் எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு. போகும்போது கடன் கொடுத்தவனாகப் போவோம், திரும்பும்போது கடன்பட்டவனாக வருவோம்.

வீட்டில் மனைவி வெறும் பையைப் பார்த்தார். கதையைக் கேட்டார்.

"இருபத்திரண்டு பேர் கண்ணை மூடிட்டு ஏமாந்தாங்க. சரி. நீ கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு ஏமாந்திருக்கே" என்றார். "அவங்களுக்காவது ஒரு சாக்கு இருக்கு."

அடுத்த கோடை நெருங்கியது. டப்பா டாக்டரின் இழுப்பறையில் கிடந்தது. அந்த அம்மாள் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் டைரக்டர் அண்ணனிடமிருந்து போன் வந்தது: இந்த வருடமும் ஊழியத்துக்கு வரவேண்டும். சான்றிதழ் உள்ள தண்ணீர்க் காவல்காரன் இல்லாமல் முகாம் நடத்த அனுமதி கிடைக்காது. அக்கம்பக்கத்தில் அப்படிப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

"போகப்போறியா?" என்றார் மனைவி.

"தரவேண்டியவன் அங்கதானே இருக்கான். இங்க உட்கார்ந்துட்டு ஏரியைப் பார்த்தா வந்துடுமா?"

ஆனால் இந்தத் தடவை ஒரு நிபந்தனை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரக் கூலி கையில் விழுந்தால்தான் திங்கட்கிழமை ஏணியில் கால். அண்ணன், "உங்களுக்கு விசுவாசம் குறைஞ்சுடுச்சே" என்று வருத்தப்பட்டார். "ஆமாங்க" என்று ஒப்புக்கொண்டார் விசில்காரர். வாராவாரம் நானூறு வந்தது. வீட்டு வாடகைக்கும் அரிசிக்குமாக வாராவாரம் போனது. பழைய பாக்கியைப் பற்றி வாய் திறந்தாலே இருதயம் பேச்சில் வந்துவிடும். படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் நான்கு புது ஒலிபெருக்கிகள் கறுகறுவென்று நின்றன. ஒவ்வொரு நாளும் அவற்றைப் பார்த்து விசில்காரர், இதில் எத்தனை பல் இருக்கும் என்று கணக்குப் போடுவார்.

கடைசி நாள் விழா. பெற்றோர் வந்திருந்தார்கள், பாக்கிக் கட்டணத்தையெல்லாம் ரொக்கமாகக் கட்டி, மச்சானின் பணப்பெட்டியை மூடமுடியாதபடி ஆக்கியிருந்தார்கள். முகாம் அறக்கட்டளையின் தலைவரும் வந்திருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் ஒரு காசு இடித்தாலும் இரவு தூங்காத ஆள், அதே சமயம் ஜெபம் என்றால் உருகிப்போகிற ஆள். சமையல்காரம்மா, நர்ஸ் உட்படப் போன வருட ஊழியர்கள் இந்த வருடமும் வேலைக்கு வந்திருந்தார்கள், பழைய சம்பளத்தைப் பற்றி மட்டும் யாரும் யாரிடமும் வாய் திறந்ததில்லை. விசில்காரரின் மனைவியும் வந்து நாற்காலிக்கு அடியில் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

இந்த விழாவில் அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நிறைவு ஜெபத்தைப் போதகர் செய்யமாட்டார். தோட்டக்காரரோ பாத்திரம் கழுவுகிறவரோ செய்யவேண்டும். படிக்காதவன் திக்கித் திணறி ஜெபித்தால் பெற்றோர் கண் கலங்கும். கண் கலங்கினால் பர்ஸ் திறக்கும். இந்த வருடம் அவர் விசில்காரரைத் தேர்ந்தெடுத்தார்.

"ரெண்டு வரி போதும்ணே. பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம். நடுவுல தொண்டை அடைச்சா அடைக்கட்டும், நல்லதுதான். மேடைக்கு வாங்க."

"நான் இறங்கமுடியாதுங்க. பிள்ளைங்க தண்ணியோரம் நிக்குது."

மைக் ஏணி வழியாக மேலே போயிற்று. அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைக் கைவிட்டார்.

"எல்லாரும் தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்குங்க" என்றார் விசில்காரர். நான்கு ஒலிபெருக்கிகளும் அதை ஏரி முழுக்கத் தெளித்தன. "நல்லா இறுக்கி மூடிக்குங்க. நான் மட்டும் திறந்துட்டு இருப்பேன். அது என் வேலை."

முந்நூறு தலைகள் குனிந்தன. மச்சான் பழக்கதோஷத்தில் கீபோர்டை மெல்ல அமுக்க ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, நூத்தி இருபது பிள்ளைங்க தண்ணியில இறங்கினாங்க. நூத்தி இருபதும் ஏறிடுச்சு. நான் எண்ணினேன். உமக்கு நன்றி. போன வருஷமும் அப்படித்தான், எண்ணினேன்." கொஞ்சம் நிறுத்தினார். தொண்டை உண்மையாகவே அடைத்தது. பெற்றோர் பக்கத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். "போன வருஷம் இங்க இருபத்திமூணு பேர் ஒம்போது வாரம் வேலை செஞ்சாங்க. அவங்க கூலி இன்னும் வரல. அந்தக் கூலியை இன்னிக்கே, இந்தக் கரையிலேயே கொடுத்துடணும்னு யாருக்காவது ஏவுதல் இருந்தா, மெதுவா கையைத் தூக்குங்க. கட்டாயம் இல்ல. யாரும் பார்க்கமாட்டாங்க. இது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல."

கீபோர்டு ஒரு தப்பான கட்டையில் போய் நின்றது.

காற்றில் ஒரு கையும் இல்லை. டைரக்டர் அண்ணனின் இரண்டு கைகளும் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தன.

"அதோ ஒரு கை" என்றார் விசில்காரர். அவர் குரலும் ஈரமாகத்தான் இருந்தது. "டைரக்டர் அண்ணே, உங்க கையைப் பார்த்தேன். ரொம்ப நன்றி. பக்கத்துல பொருளாளர் மச்சான், நீங்க ரெண்டு கையையும் தூக்கிட்டீங்க. பார்த்தேன். ஆமென்."

"ஆமென்" என்றது அக்கரை.

கண்ணைத் திறந்த அறக்கட்டளைத் தலைவரின் கன்னம் நனைந்திருந்தது. நேரே போய் டைரக்டர் அண்ணனைக் கட்டிக்கொண்டார். "தம்பி, இத்தனை பேர் முன்னாடி தப்பை ஒத்துக்கிட்டுக் கையைத் தூக்கறதுன்னா, எவ்வளவு பெரிய மனசு வேணும். எனக்குக் கொடுத்த அறிக்கையில 'ஊழியர்கள் மனமுவந்து கொடுத்தது'ன்னு இருந்துச்சு. எனக்கு அப்பவே கொஞ்சம் இடிச்சுது. போகட்டும். பொருளாளரே, பெட்டியை இங்க கொண்டு வாங்க. மேஜை போடுங்க."

பெற்றோர் கைதட்டினார்கள். சமையல்காரம்மா ஏப்ரனிலிருந்து கைகளை வெளியே எடுத்து, முதலில் நர்ஸைப் பார்த்தார். "நீ போன வருஷம் தூக்கினியா?" "இல்லக்கா. நீங்க?" "நான் எங்க தூக்கினேன்." வரிசை முழுக்க அந்தக் கேள்வி ஓடியது, ஒரு வருடத்து வெட்கம் சிரிப்பாக உடைந்தது.

டைரக்டர் அண்ணன் நாற்காலிக்கு அடியில் வந்து அண்ணாந்து பார்த்தார். "அண்ணே, நான் கை தூக்கலையே" என்றார், உதடு மட்டும் அசைய.

"தூக்கலேன்னா என்னண்ணே" என்றார் விசில்காரர், ஏரியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "உங்க இருதயம் தூக்குச்சு. நான் அதைப் பார்த்தேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அந்த ஆளுக்கு நன்றாக வேண்டும். ஆனால் ஒரு சின்ன சந்தேகம். போன வாரம் வீட்டில், "ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க அக்கா வீட்டுக்குப் போறோம், எல்லாருக்கும் சந்தோஷம்தானே" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் செருப்பைத் தேடப் போனது யார்? "தம்பிக்கு இதெல்லாம் பெரிய தொகையே இல்ல" என்று தம்பி பர்ஸுக்குள் தம்பியைக் கேட்காமலே எட்டிப் பார்த்தது யார்? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள் இந்த மாதம் இரண்டு நாள் அதிகமாக வந்ததை, "அவங்க நம்ம வீட்டு ஆள் மாதிரி, தப்பா நினைக்கமாட்டாங்க" என்று கணக்கிலிருந்து தள்ளியது யார்? அவர் தப்பாக நினைக்கவில்லை என்று எங்கே பார்த்தீர்கள், அவர் முகத்திலா, இருதயத்திலா? டைரக்டர் அண்ணன் மாதிரி நமக்குக் கீபோர்டு வாசிக்க ஒரு மச்சான் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணைத் திறந்து, ஒரு தடவை, சுற்றியிருக்கிற கைகளைப் பார்த்துவிடுவது நல்லது. யாராவது உயரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அங்கே ஏரிக்கரையில் போட்ட மேஜையில், வரிசையில் முதல் பெயர் விசில்காரருடையது.

"இறங்கி வாங்க" என்றார் தலைவர்.

"பிள்ளைங்க இன்னும் தண்ணியோரம் நிக்குதுங்க. என் வீட்டுக்காரி கையில எண்ணச் சொல்லுங்க."

அந்த அம்மாள் எழுந்து வந்து கையை நீட்டினார். டைரக்டர் அண்ணன் நூறு நூறாக எண்ணி வைத்தார். முப்பதாவது நோட்டில் கை தளர்ந்தது. முப்பத்திரண்டில் நின்றது. குரல் தானாக ஈரமாயிற்று. "அக்கா, இந்த மீதி நாலு நோட்டு… உங்களுக்கு ஏதாவது ஏவுதல் இருந்தா…"

"பல்லுக்குக் கணக்கு சரியா இருக்கு தம்பி, முப்பத்திரண்டு" என்றார் அந்த அம்மாள், பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே. "அந்த நாலு, கடிக்கிறதுக்கு."

அண்ணன் அவர் கையைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, உண்மையாகவே, ஒரு கையைப் பார்த்தார். அது மேலே போகவில்லை. மூடவும் இல்லை. விரித்தபடி, விரித்த இடத்திலேயே இருந்தது.

முப்பத்திமூன்று, முப்பத்திநான்கு, முப்பத்தைந்து, முப்பத்தாறு.